விண்டோஸ் 11 மாற்றியதும் நெட்வொர்க் கார்டு கெட்டுவிட்டது என்று சொன்னால் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

நம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்கும், சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டரை வைத்து வேலையை ஓட்டுகிற எல்லாருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10 இலிருந்து 11 க்கு மாற்றிய வகையில் என் கையிலிருந்து 18,900 ரூபாய் போனது. அதோடு எந்தக் கோளாறும் இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டும், கம்ப்யூட்டர்களை எல்லாம் கேபிளால் இணைக்கிற பெட்டியான ஒரு ஸ்விட்சும் "கெட்டுப்போச்சு" என்ற பெயரில் என் கடையை விட்டு வெளியே போயின. அழிந்தது ஒரு செட்டிங் மட்டும்தான்.

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ, ஆல்பம் செய்கிறோம். மூன்று எடிட்டிங் மிஷின், ஆல்பம் டிசைனுக்கு ஒன்று. நான்கும் ஒரே சர்வரிலிருந்துதான் ஃபுட்டேஜை எடுக்கும். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா ஓடினால் 400, 500 ஜிபி சாதாரணமாக வந்துவிடும். ஒரு கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவுக்குத்தான் போகும். நான்கு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் டைம்லைன் நின்று நின்றுதான் நகரும். அதனால் 2019 இல் இரண்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள இன்டெல் கார்டு ஒன்று வாங்கி, இரண்டு போர்ட்டையும் சேர்த்து டீமிங் போட்டிருந்தோம். ஸ்விட்சிலும் 5, 6 ஆம் போர்ட்டுகளை ஒரே குரூப்பாகக் கட்டி, மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் "5, 6 டீம். பிரிக்க வேண்டாம்" என்று எழுதி நானே ஒட்டினேன். அந்தக் காகிதத்துக்குப் பிற்பாடு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

டீமிங் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் வண்டி போகும், கீழேயும் போகும். மொத்தத்தில் நெரிசல் குறையும். அதற்காக ஒரே வண்டி பாதி மேலும் பாதி கீழும் போகாது. டீமிங்கும் அப்படித்தான். ஒரு ஆள் ஒரு ஃபைலை காப்பி செய்தால் வேகம் இரட்டிப்பாகாது. நான்கு பேர் சேர்ந்து இழுக்கும்போதுதான் பலன் தெரியும். ஒரு கேபிள் போனாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். ஆறு வருடம் எங்களுக்கு அது குறையே வைக்கவில்லை.

2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு விண்டோஸ் 10 க்கு அப்டேட் நின்றது எல்லாருக்கும் தெரியும். ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு சர்வீஸ்காரர், நான்கு வருடமாக எங்களுக்கு வந்து போகிறவர், செப்டம்பரிலிருந்தே அவசரப்படுத்தினார். "பதினாலாந் தேதிக்கு மேல வைரஸ் வந்தா நான் பொறுப்பில்ல அண்ணாச்சி. டேட்டா பூரா போயிரும்" என்றார். இன்னொரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டித்துக்கொள்ள வழி இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது, கை கொஞ்சம் ஓய்வாக இருந்தது. சரி, ஐப்பசி பிறக்கும் முன் முடித்துவிடுவோம் என்று 11 ஆம் தேதி சனிக்கிழமை சர்வரை அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே "டீமிங் இருக்கு தம்பி, அது போயிராம பாத்துக்கிடுங்க" என்று சொன்னேன். "அதெல்லாம் அப்படியே வந்துரும்" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் விண்டோஸ் 11 ஏறிவிட்டது. எடிட்டிங் மிஷினில் புராஜெக்டைத் திறந்தால் எல்லா கிளிப்பும் சிவப்பாக, மீடியா ஆஃப்லைன். சர்வரின் 192.168.1.10 என்ற ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண், டீமுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது; டீமே இல்லாதபோது அந்த ஐபியும் இல்லை. அதை அவர் ஒரு போர்ட்டுக்குக் கையால் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் விசித்திரம் ஆரம்பித்தது. இரண்டாவது மிஷினுக்கு சர்வர் தெரிகிறது, மூன்றாவதற்குத் தெரியவில்லை. ஆல்பம் மிஷினுக்குத் தெரிகிறது, முதல் மிஷினுக்குத் தெரியவில்லை. என்னை டீ வாங்கி வரச் சொன்னார். வந்து பார்த்தபோது கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவர் அதை மூடிவிட்டு, "அண்ணாச்சி, கார்டு போயிட்டு. அப்கிரேடு லோடு தாங்கல" என்றார்.

விண்டோஸ் மாற்றினால் கார்டு எரிந்துபோகாது. அது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். நான்கு வருடப் பழக்கம் கேள்வி கேட்க விடவில்லை.

திங்கட்கிழமை புதுக் கார்டு வந்தது. இதுவும் இரண்டு போர்ட், இன்டெல் சிப் என்று சொல்லி 6,800 ரூபாய். பழைய கார்டை அவரே பையில் போட்டுக்கொண்டார். மாட்டினால் அதே கதை: இரண்டு மிஷினுக்குத் தெரிகிறது, இரண்டுக்குத் தெரியவில்லை. அடுத்து கேபிள் என்றார், 2,400. அதே கதை. கடைசியாக ஸ்விட்ச் என்றார். 5,200 ரூபாய்க்கு எந்த செட்டிங்கும் செய்ய முடியாத சாதாரண ஸ்விட்ச் ஒன்றை வைத்தார், ஒரு கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டார், நான்கு மிஷினுக்கும் லைன் வந்துவிட்டது. "பாத்தீங்களா அண்ணாச்சி, ஸ்விட்சும் சேந்துல்லா போயிருக்கு." கண்ணுக்கு முன்னால் வேலை செய்கிறது, நம்பாமல் என்ன செய்வது? சர்வீஸ் 4,500 சேர்த்து 18,900. ஜிஎஸ்டி பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு. டீமிங்கைக் கேட்டதற்கு, "பதினொண்ணுல வேகமே இவ்வளவுதான்" என்றார்.

போகும் முன் இன்னொன்றும் செய்தார். சி டிரைவில் இடம் அடைக்கிறது என்று டிஸ்க் கிளீனப் ஓட்டினார். அப்கிரேடு செய்த 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக வழி உண்டு. அதற்கு விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டர் வேண்டும். அந்த ஃபோல்டரைத்தான் அழித்தார்.

ஐப்பசி பிறந்தது. நான்கு பேர் ஒற்றைக் கேபிளில் தொங்கினோம். களக்காட்டிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் வந்து மதியத்திலிருந்து இருட்டும் வரை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பிள்ளையும் மருமவனும் நாளைக்கு கிளம்புதாவ. கையில குடுத்து விடலாம்னு பாத்தேன்" என்றார், அதட்டவே இல்லை. எக்ஸ்போர்ட் முடியவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினார். பணம் போனதைவிட அதுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்தான். நெட்வொர்க் வேலை பார்ப்பவன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, முதலில் கேட்ட கேள்வி: "மாமா, பழைய ஸ்விட்சுல குரூப்பைப் பிரிச்சாங்களா?" பிரிக்கவில்லை, அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்றேன். "அப்போ கார்டு நல்லாத்தான் இருந்திருக்கு, ஸ்விட்சும் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான்.

அவன் விளக்கியது இது. அந்தக் கார்டில் இரண்டு போர்ட்டையும் டீமாகச் சேர்த்தது விண்டோஸ் இல்லை, இன்டெலின் தனி மென்பொருள். விண்டோஸ் 11 இல் அந்த டீமிங் வசதி கிடையாது என்று இன்டெலே தெளிவாக அறிவித்திருக்கிறது. கார்டு வழக்கம்போல் வேலை செய்யும், டீம் மட்டும் இருக்காது. இது புதுச் சங்கதியும் இல்லையாம். 2015 இல் விண்டோஸ் 10 வந்த புதிதிலும் இதே டீமிங் வேலை செய்யாமல், பிறகு வந்த டிரைவரில்தான், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில்தான், சரியானது. விண்டோஸ் சர்வர் என்ற தனி விண்டோஸில் 2012 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டின் சொந்த டீமிங் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் போடும் சாதாரண விண்டோஸில் அது இயங்காது.

அப்படியானால் பாதி மிஷினுக்குத் தெரிந்து பாதிக்குத் தெரியாமல் போனது ஏன்? ஸ்விட்ச் இன்னமும் 5, 6 இரண்டும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மிஷினிலிருந்து வருவதையும் அது தன் கணக்குப்படி 5 இலோ 6 இலோ அனுப்பும். சர்வர் பக்கத்திலோ இப்போது இரண்டும் தனித்தனிக் கார்டு மாதிரி, தனித்தனி மேக் முகவரி (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய அடையாள எண்). முதல் போர்ட்டுக்கு வர வேண்டியது இரண்டாவது போர்ட்டில் வந்து விழுந்தால், "இது எனக்கில்லை" என்று அது தள்ளிவிடும். அதனால்தான் சில மிஷினுக்கு எப்போதும் தெரிந்தது, சிலவற்றுக்கு எப்போதுமே தெரியவில்லை. கார்டை மாற்றினாலும் கேபிளை மாற்றினாலும் இது மாறாது. குரூப் என்ற பேச்சே இல்லாத ஸ்விட்சை வைத்ததும் மாறியது. இரண்டில் ஒரு கேபிளை உருவி, மிச்சமிருந்த போர்ட்டுக்கு அந்த ஐபியைக் கொடுத்திருந்தால் முதல் நாளே நான்கு மிஷினுக்கும் லைன் வந்திருக்கும். ஒரு ரூபாய் செலவில்லை.

அதுவரை நான் சர்வீஸ்காரருக்கு விஷயம் தெரியாமல் தடுமாறியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். அக்கா மகன் சர்வரில் பவர்ஷெல் என்ற, கட்டளை அடிக்கும் திரையைத் திறந்து, மேல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனான். பவர்ஷெல்லில் முன்பு அடித்த கட்டளைகள் அழியாமல் சேமிப்பில் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். விண்டோஸில் டீம் உருவாக்கும் கட்டளை மூன்று முறை அடிக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த பெயர்கள் ஈதர்நெட் 2, ஈதர்நெட் 3. அவை பழைய கார்டின் போர்ட்டுகள். புதுக் கார்டுக்கு விண்டோஸ் வைத்த பெயர்கள் 4, 5. ஆக, புதுக் கார்டை விற்பதற்கு முன்பே, நான் டீ வாங்கப் போன நேரத்தில், போனது டீமிங் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் "கார்டு போயிட்டு" என்றார். டிவைஸ் மேனேஜரில் புதுக் கார்டின் சிப்பையும் பார்த்தோம். இன்டெல் இல்லை.

தீபாவளி முடிந்து கடை திறந்ததும் இரண்டு பேரும் போனோம். முதலில் சிரித்தார். அப்புறம் அந்தக் கட்டளைகளின் போட்டோவைக் காட்டியதும் பேச்சு நின்றது. கார்டைக் கேட்டால், "அது அன்னைக்கே ஒரு ஆபீசுக்குப் போயிட்டு அண்ணாச்சி." கெட்டுப்போன கார்டு எந்த ஆபீசுக்குப் போகும்? ஸ்விட்ச் மட்டும் அவர் ஷெல்ஃபிலேயே இருந்தது, நான் ஒட்டிய காகிதத்தோடு. எடுத்துக்கொண்டு வந்தோம். பணம் இதுவரை திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இல் பேசினேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவர்களும் நுகர்வோர் சட்டத்தில் புகார் செய்யலாம், ஆனால் துண்டுச் சீட்டை வைத்து எதை நிரூபிப்பது? கார்டு ஐநூறு ரூபாய்க்கு வாங்கினாலும் சீரியல் எண் போட்ட பில் கேளுங்கள்.

உங்கள் சர்வரில் டீமிங் இருந்தால், விண்டோஸ் மாற்றும் முன்னால் செய்பவரிடம் கேளுங்கள்: இந்தக் கார்டுக்கு இந்த விண்டோஸில் டீமிங் உண்டா என்று. "அப்படியே வந்துரும்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். கார்டு கம்பெனியின் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். டீமின் ஐபி, ஸ்விட்சில் எந்தெந்த போர்ட் குரூப் என்பதையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். மாற்றுவதற்கு முன் டீமை நீங்களே கலைத்து, ஸ்விட்சிலும் குரூப்பைப் பிரித்துவிடுவது நல்லது. 10 நாள் வரை டிஸ்க் கிளீனப் பக்கமே போக விடாதீர்கள். அக்கவுண்ட்ஸ் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில மென்பொருள்களின் லைசென்ஸ் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும், டீம் போனால் அந்த முகவரி மாறி லைசென்ஸும் நின்றுபோகலாம். கழற்றிய எந்தப் பொருளும், கெட்டதோ நல்லதோ, உங்கள் மேஜையிலேயே இருக்கட்டும்.

எங்களுக்கு இப்போது டீமிங்கே தேவைப்படவில்லை. சர்வரில் 2.5 கிகாபிட் கார்டு ஒன்று, அந்த வேகத்துக்கு ஒரு போர்ட் உள்ள ஸ்விட்ச் ஒன்று, பழைய கேட் 5இ கேபிளே போதும். நான்கு பேரும் நிற்காமல் வேலை செய்கிறோம்.

ஸ்விட்ச் திரும்பி வந்த அன்று ராத்திரியே அதைச் சர்வரில் மாட்டிப் பார்த்தோம். அதேபோல் இரண்டு மிஷினுக்குத் தெரிந்தது, இரண்டுக்குத் தெரியவில்லை. அக்கா மகன் ஸ்விட்சின் செட்டிங் பக்கத்தைத் திறந்து 5, 6 இன் குரூப்பைப் பிரித்து சேவ் கொடுத்தான். நான்கு மிஷினிலும் ஃபுட்டேஜ் வந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.