டூம்: முப்பது வருட ஓட்டம்

1995-ல் படிவம் மூன்று தேர்வு முடிந்த விடுமுறை. கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த மாமா, செந்தூல் வீட்டுக்கு இரண்டு ஃபிளாப்பி டிஸ்க் கொண்டுவந்தார். அதில் இருந்தது பேய்களைச் சுட்டு வீழ்த்தும் 'டூம்' விளையாட்டின் முதல் பாகம். ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 1993 டிசம்பர் 10-ல் இதை வெளியிட்டபோது, முதல் பாகத்தின் 9 லெவல்களை யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். மீதி இரண்டு பாகத்துக்குத்தான் காசு. எங்கள் வீட்டு 486 கம்ப்யூட்டரில் 4 எம்பி மெமரி. அதுவே போதுமானதாக இருந்தது. இன்று என் லேப்டாப்பிலும் அதே விளையாட்டு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது முதல் பாகத்தைத் தொடக்கத்திலிருந்து விளையாடி முடிக்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்த அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "சித்தி, ஏன் ஓடிக்கிட்டே இருக்கீங்க? எங்கயாவது ஒளிஞ்சு நின்னு சுட வேண்டியதுதானே?" என்றான். அவன் விளையாடுகிற துப்பாக்கி விளையாட்டுகளில் அடிபட்டால் சுவருக்குப் பின்னால் நின்றால் போதும், உயிர் தானாக ஏறிவிடும்.

டூமில் அப்படி ஏறாது. மருந்துப்பெட்டி எந்த அறையில் கிடக்கிறதோ அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். போகும் வழியில்தான் பேய்கள் நிற்கும். ஆனால் நமக்குக் கால் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டு ஒரு நொடியை 35 துண்டாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. ஒரு துண்டு நேரத்தில் இம்ப் என்கிற பேய் எறியும் தீப்பந்து 10 அலகு நகரும். ஓடுகிற நாம் அதே நேரத்தில் 16 அலகுக்கு மேல் போய்விடுவோம். கடைசிக் கடினநிலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தீப்பந்தைவிட நாம்தான் வேகம். அதனால்தான் ஒளிய வேண்டிய அவசியமே வருவதில்லை. தீப்பந்து வருவதைப் பார்த்து, ஒரு பக்கமாக நகர்ந்து, அது காதோரம் கடந்துபோகும்போது திருப்பிச் சுடலாம். சடுகுடுவில் பாடிப் போகிறவர் எதிர்க்கோட்டில் காலை மாற்றி மாற்றி வைப்பாரே, அந்த உணர்வுதான் இதில் எனக்குக் கிடைக்கிறது. அடிபட்டால் எங்கே கால் தவறியது என்று உடனே தெரிந்துவிடும்.

துப்பாக்கி பிடித்த ஜோம்பிகளின் கதை வேறு. அவர்கள் சுட்டால் குண்டு அந்தக் கணமே வந்து சேரும், விலக முடியாது. ஆகவே கதவு திறந்ததும் முதலில் யாரை வீழ்த்துவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஜோம்பியா, இம்ப்பா, அல்லது கடிக்க ஓடிவரும் பிங்க் பேயா? ஒவ்வோர் அறையும் இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கிறது. முப்பது வருடமாக எனக்கு அலுக்காததற்கு முதல் காரணம் இது.

ஷாட்கன்னைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வெடிக்கு 7 சிறு குண்டுகள், ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 அளவுக்குச் சேதம் செய்யும். ஏழும் பட்டால் சராசரி 70. இம்ப்பின் உயிர் 60. கிட்டே போய்ச் சுட்டால் பெரும்பாலும் ஒரே வெடியில் விழும். தள்ளி நின்றால் குண்டுகள் சிதறி இரண்டு மூன்று தோட்டா வீணாகும். கிட்டே போகிற துணிச்சலுக்கு விளையாட்டு இப்படிக் கூலி கொடுக்கிறது. மேலே கீழே குறிபார்க்கிற வேலையும் நமக்கில்லை, அதை அதுவே பார்த்துக்கொள்ளும். நம் கவனம் முழுக்கக் காலில் இருக்கலாம். சுட்ட பிறகு வருகிற அந்த 'க்ளக்-க்ளக்' சத்தம் இன்றும் எனக்கு இனிக்கிறது.

இன்னொன்று, சிண்டு முடிந்துவிடுவது. ஒரு பேய் எறிந்தது வேறு வகைப் பேய்மேல் பட்டுவிட்டால் இரண்டும் நம்மை மறந்து அடித்துக்கொள்ளும். அடுத்து வந்த 'டூம் 2'-ன் எட்டாவது லெவலில் ஓர் அறையில் சைபர்டீமன் என்கிற ராட்சதப் பேயைச் சுற்றி 'பேரன் ஆஃப் ஹெல்' (Baron of Hell) என்கிற பேய்கள் நிற்கும். ஒரு தோட்டாவும் செலவழிக்காமல், நடுவில் ஓடி அவற்றை மோதவிட்டு வெளியே வந்து நின்றது என் வாழ்நாள் சந்தோஷங்களில் ஒன்று.

முதல் டூமில், முதல் லெவலின் முதல் அறையிலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது. வெளியே திறந்தவெளியில் நீலக் கவசம் ஒன்று தெரியும். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. வழி ரகசியச் சுவருக்குப் பின்னால். பதினைந்து வயதில் இரண்டு நாள் ஒவ்வொரு சுவராகத் தட்டித் தேடினேன்.

குறைகளும் உண்டு. சில லெவல்களில் ஒரு விசையைத் தட்டினால் எங்கோ ஏதோ திறக்கும். எங்கே என்று சொல்லமாட்டார்கள். பேயெல்லாம் செத்துக் கிடக்கிற வெறும் இடத்தில் கால்மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும். 'டூம் 2'-ன் பதின்மூன்றாவது லெவலான நகரம் எனக்கு இன்றும் பிடிக்காது. அக்காவுக்குத் திரையைப் பார்த்தாலே தலைசுற்றும். அப்படிப்பட்டவர்களுக்கு இது ஒத்துவராது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: மூல நிரலை 1997-லேயே பொதுவில் விட்டுவிட்டதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓட வழி இருக்கிறது. பழையபடியே வேண்டுமென்றால் 'சாக்லேட் டூம்' என்ற பதிப்பு. 2024 ஆகஸ்டில் இரண்டு விளையாட்டையும் சேர்த்துப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். குதிக்கும் வசதி தருகிற பதிப்புகளும் இருக்கின்றன. முதல்முறை அதை அணைத்து வையுங்கள். இந்த லெவல்களைக் குதிக்காத கால்களுக்காகக் கட்டியிருக்கிறார்கள். டச்பேட் வேண்டாம். நான் லோயாட் பிளாசாவில் வாங்கிய சாதாரண ஒயர் மவுஸ் வைத்திருக்கிறேன்.

அன்று மருமகனை... இல்லை, எனக்கு அவன் மகன் முறை, மகனையே உட்காரவைத்தேன். பச்சை அமிலக் குளத்துக்கு மேலே வளைந்து வளைந்து போகிற பாதையில், எதிரே உயரத்தில் நின்ற இம்ப்பை நின்ற இடத்திலிருந்தே சுட்டு மூன்று தடவை செத்தான். நான்காவது தடவை தீப்பந்து கிளம்பியதும் தன்னையறியாமல் இடப்பக்கம் நகர்ந்தான். அது அவனைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அவன் நிற்கவே இல்லை.

லெவல் முடிந்ததும், கண்டுபிடித்த ரகசியம் 0 சதவீதம் என்று திரை காட்டியது.

"சித்தி, அந்த ஜன்னலுக்கு வெளியே நீலமா ஒன்னு இருந்துச்சே, அங்க எப்படிப் போறது?"

நான் சொல்லவில்லை.