அவிசாவளைக் காணியில் ஒரு சிறிய மண் அணை: பல ஆண்டுப் பயன்பாட்டின் பின்

கொழும்பு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அவிசாவளைக்கு அண்மையிலுள்ள எங்கள் இறப்பர் காணியின் ஓடையில் கட்டிய இந்த மண் அணைக்கு நீரைத் தேக்கும் வேலை இல்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் அப்பகுதியில், மேட்டிலிருந்து அடித்துவரும் மண்ணும் கல்லும் முறிந்த கிளைகளும் வீதி மதகை அடைத்து, கீழேயுள்ள அயலவரின் முற்றங்களுக்குள் சேறு புகாதிருக்கவே அதனைக் கட்டினோம். அந்தப் பணியை அது நன்றாகவே செய்துவருகிறது.

ஆளுயரத்தைச் சற்றே தாண்டும் கட்டு. உட்சரிவு 1க்கு 3 (ஓரடி உயரத்துக்கு மூன்றடி கிடைத்தூரம்), வெளிச்சரிவு 1க்கு 2. களிமண்ணைப் படை படையாக இட்டு, ஈரப்பதம் பார்த்து இறுக்கினோம். சரிவுகளில் புல் வேர்பிடித்த பின் மழை அரிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. மரக்கன்று எதனையும் கட்டில் வளர விடுவதில்லை. வேர் உக்கிய துளை வழியே பின்னாளில் நீர் கசியத் தொடங்கும்.

கட்டுவதற்கான செலவைவிடப் பராமரிப்பே எங்களிடம் அதிகம் கேட்கிறது. தை, மாசியில் இறப்பர் மரங்கள் உதிர்க்கும் இலைகள் சித்திரை மழையோடு இறங்கி, வெளியேற்றுக் குழாயின் வாயிலுள்ள கம்பித் தட்டியில் நனைந்த சாக்குப் போலப் படிந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் ஏறும். நிமிர்ந்த தட்டியை அகற்றிச் சாய்வான தட்டியைப் பொருத்திய பின், சருகு நீரோடு மேலேறி ஒதுங்குவதால், கரையில் நின்றபடியே வாரியால் இழுத்துவிட முடிகிறது. இவ்வாறான அணை கட்ட எண்ணுபவர்கள் முதலிலேயே சாய்வான தட்டியைக் கேட்டுப் பெறவேண்டும்.

தட்டி முற்றாக அடைபட்டாலும் அணையைக் காப்பது, மிகை நீர் வழிந்தோடும் வழியான வான்தான். மண் அணைகள் உடையும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று, நீர் கட்டின் மேலால் வழிவது. ஆகவே எங்கள் வானைக் கட்டின் உடலில் வெட்டாமல், பக்கத்திலுள்ள இயற்கையான உறுதி நிலத்தில் கல் பதித்து அமைத்தோம். அதில் ஒரு கிளைகூடக் கிடக்கக் கூடாது என்பதில் காணியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணர் மிகவும் கண்டிப்பானவர். நாங்கள் கொழும்பு நகரின் வெள்ளவத்தையில் இருப்பதால், அடைமழையின்போது உடனே போய்ச் சேர முடியாது. அருகில் அத்தகைய ஒருவர் இல்லையெனில் இந்த அணையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மழை விட்டதும் அவர் கட்டின் அடிவாரத்தில் கசியும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால், கசிவின் அளவு கூடாதவரை பதற்றப்படத் தேவையில்லை. கலங்கியிருந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாட்டில், கட்டு சிறியது என்பதற்காக இந்தச் சோதனையைத் தவிர்ப்பது முறையன்று.

பங்குனியிலும் புரட்டாதியிலும், மழைக்கு முன்னர், பெக்கோ எனும் மண்வெட்டும் இயந்திரம் கொண்டு வண்டலை அள்ளுகிறோம். அதனைக் கொட்ட மேட்டிலேயே ஒரு சமதரையை முன்கூட்டியே ஒதுக்கவேண்டும். ஓடைக்கரையில் குவித்தால் அடுத்த மழையில் அதே மண் மீண்டும் உள்ளே வந்துவிடும்.