ஒரே எக்ஸ்இ-யோடு மூன்று வருடம்: மாமா கடை பில்லிங் அனுபவம்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மாமாவுக்கு ரெடிமேட் கடை. பில் போட பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதை விண்டோஸில் நேரடியாக ஓடும் எக்ஸ்இ ஆக்கித் தரும் பைஇன்ஸ்டாலரில், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடைக்கும் ஒன்ஃபைல் முறையைப் போட்டு, பென்டிரைவில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஒரே ஃபைல், டபுள் கிளிக் பண்ணினால் போதும் என்று பெருமை வேறு.

கடையில் திறந்ததுமே கருப்பு விண்டோ மின்னி மறைந்தது. கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ஓட்டிப் பார்த்தால்தான் எர்ரரே தெரிந்தது, பில் டெம்ப்ளேட் கிடைக்கவில்லையாம். ராயபுரத்தில் என் வீட்டில் ஓடியதற்குக் காரணம், எக்ஸ்இ இருந்த ஃபோல்டரிலேயே அந்த டெம்ப்ளேட்டும் கிடந்ததுதான். கூடுதல் ஃபைல்களை எக்ஸ்இ-க்குள் சேர்க்கும் ஆட்-டேட்டா ஆப்ஷனில் அதைச் சேர்த்து, பாத்தை சிஸ்.\_எம்இஐபாஸ் (உள்ளே சேர்த்தவை ஓடும்போது பிரிந்து கிடக்கும் ஃபோல்டர்) வழியாக எடுத்ததும் சரியானது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டேட்டாபேஸ் ஃபைலையும் அதே வழியில் உள்ளே தள்ளிவிட்டேன். மறுநாள் காலையில் போன். "இன்னா மாப்ள, நேத்து போட்ட பில்லெல்லாம் எங்க? மறுபடியும் ஒண்ணாம் நம்பர்லேர்ந்து வருது?" ஒன்ஃபைல் எக்ஸ்இ என்பது கட்டி வைத்த மூட்டை மாதிரி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டெம்ப் ஃபோல்டரில் எல்லாவற்றையும் புதிதாகப் பிரித்துப் போடும், மூடும்போது அந்த ஃபோல்டரையே அழித்துவிடும். அதற்குள் எழுதியது எப்படித் தங்கும்? எழுத வேண்டிய ஃபைலுக்கு சிஸ்.எக்ஸிகியூட்டபிள், அதாவது அந்த எக்ஸ்இ, இருக்கும் இடத்தைத்தான் எடுக்கணும், இது எனக்கு ஒரு நாள் வியாபாரக் கணக்கைத் தொலைத்த பிறகு தெரிந்தது. மாமா கார்பன் காப்பி பில்புக்கையும் விடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம் ஒரு வருடம் பிரச்சினையே இல்லை. திடீரென்று டிஸ்க் ஃபுல். டெம்ப்பைத் திறந்தால் \_எம்இஐ என்று ஆரம்பித்து நம்பரோடு முடியும் ஃபோல்டர்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. மாமா ராத்திரி ஷட்டரை இறக்கும் அவசரத்தில் புரோகிராமையும் மூடுவதில்லை, விண்டோஸையும் மூடுவதில்லை, நேராக மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவார். புரோகிராம் ஒழுங்காக முடிந்தால்தானே அதைத் தொடங்கிவைத்துப் பின்னால் நிற்கும் பூட்லோடர் அந்த ஃபோல்டரை அழிக்கும்! பழக்கத்தை மாற்றச் சொல்லிப் பார்த்தேன், அந்த வயதில் நடக்கிற காரியமா.

திறக்க நேரம் எடுப்பதும் தனிக் கடுப்பு. பிரித்துப் போடும் ஃபைல்களை ஆன்டிவைரஸ் வேறு தடவித் தடவிப் பார்க்கும், அதற்குள் மாமா நாலு முறை கிளிக் பண்ணி நாலு விண்டோ திறந்து வைத்திருப்பார், கவுன்டரில் கூட்டம் நிற்கும்.

போன தீபாவளிக்கு முன்னால் எக்ஸ்இ-யையும் மற்ற ஃபைல்களையும் ஒரு ஃபோல்டரில் பிரித்தே வைக்கும் ஒன்டிர் முறைக்கு மாற்றிவிட்டேன். ஃபைல்கள் முன்பே பிரிந்து கிடப்பதால் டெம்ப் பக்கமே போவதில்லை, சட்டென்று திறக்கிறது. கடைக்கு என்றால் இனி நான் ஒன்ஃபைல் போடவே மாட்டேன். இதிலும் ஒரு வம்பு உண்டு: பைஇன்ஸ்டாலர் 6.0 வெர்ஷனிலிருந்து எக்ஸ்இ தவிர மற்ற எல்லாம் \_இன்டர்னல் என்ற ஃபோல்டருக்குள் போய்விடுகிறது. தண்டையார்பேட்டை கடைக்கு மாமா எக்ஸ்இ-யை மட்டும் காப்பி பண்ணிக்கொண்டு போய், ஓடவில்லை என்று என்னைத் திட்டினார். இப்போது டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும்தான், ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.