முற்பணம் யார் கையில் இருக்கிறது?

கொக்குவிலில் நான்கு வருடங்கள் குடியிருந்த வீட்டின் திறப்பை ஒப்படைக்கப் போன அன்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நேரே குளியலறைக் குழாயிடம்தான் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து, குழாய் வாயில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். "தம்பி, இது புதுக் குழாய் பூட்டித் தந்த வீடு" என்றார். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலில் படிகிறது, பானையில் படிகிறது, குழாயை மட்டும் விட்டுவைக்குமா? அவரோ பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்: குழாய் 6,000, குசினிச் சுவருக்குப் பெயின்ட் 25,000, கிணறு இறைக்க 8,000, படலை 5,000. நான் கொடுத்த 75,000 ரூபாய் முற்பணத்தில் மிஞ்சியது 31,000. அதையும் அவர் தரவில்லை. வீடு கனடாவில் இருக்கும் மருமகனுடையது. காசு அப்போதே அங்கே போய்விட்டது, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த 44,000 ரூபாய்க் கழிவைவிட இந்தக் கடைசி வசனம்தான் என்னை உறுத்தியது. முற்பணம் இரண்டு மாதமா ஆறு மாதமா என்று பேரம் பேச எல்லாருக்கும் தெரியும். வீட்டை விடும் நாளில் அந்தக் காசு யார் கையில் இருக்கும் என்று கேட்க ஏனோ கூச்சப்படுகிறோம். இங்கே வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் வழக்கமாகப் போகும் வழிகளை அந்த ஒரு கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலாவது வாய்ச்சொல். கடித உறையில் காசைக் கொடுத்துத் திறப்பை வாங்குவது. நான் செய்ததும் அதுதான். பற்றுச்சீட்டுக் கேட்டபோது பெரியவர் சிரித்துவிட்டு, "எங்களுக்குள் என்ன தம்பி சீட்டு?" என்றார். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. இந்த வழியை முற்றாகத் தள்ளவும் மாட்டேன். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அறை எடுக்கும் வீடுகளில் உரிமையாளர் குடும்பம் பெரும்பாலும் அதே வளவில் இருக்கும். காசை வாங்கியவரைத் தினமும் கிணற்றடியில் காணலாம். ஊர் வாயும் ஒரு காவல். அங்கே வாய்ச்சொல் போதும். வாங்கியவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர், இடையில் ஒரு சமுத்திரம் என்று வந்துவிட்டால் போதாது. சட்டமும் வாய்ச்சொல்லை ஒரேயடியாகக் கைவிடவில்லை: 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுதப்படாத உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஆனால் எதைக் காட்டி? குறைந்தபட்சம் காசை உரிமையாளரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போட்டு, வைப்புச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவும் இல்லை, கேட்கும்போது முகம் சுளிப்பாரும் இல்லை.

இரண்டாவது, தாங்களே எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்திடும் தாள். இரண்டு சாட்சிகளும் போட்டுவிட்டால் இரும்புப் பெட்டியில் பூட்டியது போல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அதில் பாதி பொய் நிம்மதி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதிப் பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். தாளில் "இரண்டு வருடத்துக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதினாலும் அந்த இரண்டு வருடம் சட்டத்தின் முன் நிற்காது. மாத வாடகைக்கு இருப்பவராகவே கொள்ளப்படுவீர்கள். காசு கொடுத்ததற்குச் சான்று என்ற வகையில் தாளுக்கு மதிப்பு உண்டு. எழுத்தில் உள்ள உடன்படிக்கைக்கு வழக்குக் காலமும் 6 ஆண்டுகள், வாய்ச்சொல்லின் இரட்டிப்பு. அதனால் குத்தகையையும் காசையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பாமல், முற்பணத்துக்குத் தனிப் பற்றுச்சீட்டு எழுதுவிப்பது நல்லது. இன்னாருக்காக இன்னார் பெற்றுக்கொண்டார், வீட்டை விட்டு இத்தனை நாளுக்குள் இன்னார் திருப்பித் தருவார் என்று அதில் இருக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் பொறுப்பாளரிடம் அற்றோர்ணித் தத்துவம், அதாவது உரிமையாளருக்காகச் செயற்பட அவர் எழுத்தில் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா என்று கேளுங்கள். மாமா, சித்தப்பா என்ற உறவுமுறை மட்டும் தத்துவம் ஆகாது.

மூன்றாவது நொத்தாரிசு முடிக்கும் குத்தகை. சட்டத்தரணி கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்து வருவதால், ஒரு வருடத்துக்குச் சிறிய வீடு எடுக்கும் குடும்பத்துக்கு இது யானைக்குப் பூட்டும் சங்கிலியால் ஆட்டுக்குட்டியைக் கட்டுவது. கடை, வைத்திய நிலையம், ரியூசன் வகுப்பு என்று காசைக் கொட்டி மூன்று நான்கு வருடம் இருக்கப்போகிறவர் இதைத் தவிர்க்கவே கூடாது. ஆவணி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உரிமையாளர், இருபத்தைந்து நாளுக்குள் காணியை விலை பேசி முடித்துவிட்டு விமானம் ஏறுவது இங்கே புதினமல்ல. காணிப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிந்த குத்தகை, பிறகு வாங்குகிறவருக்கு எதிராகவும் நிற்கும். இருப்பிடத்துக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. முற்பணத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். உறுதி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் காசு அவர் கையில்தான். தராவிட்டால் நீங்கள்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

நான்காவது ஒற்றி. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் வேரூன்றிய முறை. ஒல்லாந்தர் காலத்தில் 1707 அளவில் தேசவழமை தொகுக்கப்பட்டபோதே அதில் இடம்பெற்றது. ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வீட்டில் இருப்பது, வாடகை இல்லை, தொகைக்கு வட்டியும் இல்லை, காசைத் திருப்பித் தந்ததும் வீட்டை விடுவது. மற்ற எல்லா வழியிலும் வீட்டை விட்ட பிறகு காசுக்கு அலைகிறோம். ஒற்றியில் மட்டும் காசு கைக்கு வந்த பிறகு வீட்டை விடுகிறோம். என் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு வழி எதிலும் கிடையாது.

கணக்கையும் பார்க்க வேண்டும். 20 இலட்சம் ரூபாய் ஒற்றி என்று வைத்துக்கொள்வோம். அதே காசை எட்டு வீத நிலையான வைப்பில் போட்டால் வருடத்துக்கு 1,60,000, அதாவது மாதம் ஏறத்தாழ 13,300 ரூபாய். அந்த வீட்டின் வாடகை 25,000 என்றால் ஒற்றி இலாபம். 12,000 என்றால் நட்டம். இது விலைவாசி அசையாதிருக்கும் காலத்துக் கணக்கு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது; மே மாதத்தில் 360 ஐ எட்டியது. அன்று 10 இலட்சம் கொடுத்தவர் 5,000 டொலர் கொடுத்தார். சில மாதத்தில் அது 2,800 டொலருக்குள் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஒற்றியை மீட்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு சதமும் குறைக்காமல் எண்ணிக் கொடுத்தாலும், இழந்தவர் வீட்டில் இருந்தவர்தான். முற்பணத்துக்கும் இதே கதிதான். ஆனால் 75,000 உருகுவதும் 10 இலட்சம் உருகுவதும் ஒன்றல்ல.

ஒற்றிக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும், பதிவும் வேண்டும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் தேடுவித்து வேறு ஈடு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல்: கதிரையில் இருந்து பேசுபவர் கணவர், வீடோ மனைவியின் சீதனம். தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால் உறுதியில் இருவருடைய கையெழுத்தும் இருக்கட்டும். உடன்பிறந்தவர்களின் பங்கு பிரியாத வீடானால் நான் அந்தப் படலையைத் திறக்கவே மாட்டேன்.

ஐந்தாவதாக ஒரு வழி உண்டு, அதிகம் பேசப்படாதது: முற்பணத்தைக் கடைசி மாத வாடகைகளில் கழிப்பது. மூன்று மாத முற்பணம் கொடுத்தால், கடைசி இரண்டு மாதத்துக்கு வாடகை கொடுக்காமல் இருந்து, ஒரு மாதத் தொகையை மட்டும் சேதத்துக்காக விடுவது. மாத வாடகை 25,000 என்றால், வீட்டை விடும் நாளில் அவர் கையில் நிற்பதும் 25,000 தான். அதற்காகக் கிணறு இறைத்த கணக்கு எழுத யாருக்கும் பெரிய ஆசை வராது. முன்கூட்டிச் சொல்லாமல் செய்தால் அது வாடகை ஏமாற்று, மானமும் போய்விடும். நுழையும் நாளிலேயே பற்றுச்சீட்டில் ஒரு வரியாக எழுதுவித்தால் முறையான ஏற்பாடு. உரிமையாளரும் சம்மதிப்பார், ஏனென்றால் திருப்பிக் கொடுக்கக் காசு தேடும் தலையிடி அவருக்கும் குறைகிறது. சாதாரணக் குடும்பத்துக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு நான் சொல்வது இதைத்தான்: வங்கிச் சீட்டு, தனிப் பற்றுச்சீட்டு, அதில் இந்த ஒரு வரி. கையில் பெருந்தொகை சும்மா கிடந்து, உரிமை சுத்தமாக இருந்தால் மட்டும் ஒற்றியை யோசிக்கலாம்.

எந்த வழியில் போனாலும் நுழையும் நாளில் வீட்டை வீடியோ எடுங்கள். மின்மானியின் எண், தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம், குழாய் வாய், குசினிச் சுவர் எல்லாம் அதில் வரட்டும். சித்திரை வெயிலில் வெள்ளை வெளேரென்று தெரியும் சுவர் கார்த்திகை மாரியில் பச்சை பிடித்து நிற்கும். முதல் மாரி முடிந்ததும் இன்னொரு முறை எடுத்து உரிமையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், அந்தப் பச்சை உங்கள் தலையில் விழாது.

என்னிடம் வீடியோவும் இல்லை, சீட்டும் இல்லை. இரண்டு மாதம் தொலைபேசியில் அலைந்துவிட்டு இணக்க சபைக்கு எழுதினேன். பிணக்குகளைப் பேசித் தீர்க்க 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. சிறு தொகை வழக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கே போயாக வேண்டும். இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். எங்களுடையது ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் முட்ட நானும் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். காசு வாங்கவில்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அந்த நேர்மை அவரிடம் இருந்தது, என் வழக்கு தப்பியதும் அதனால்தான். பெயின்ட் செலவில் பாதியை நான் ஏற்றேன், மற்றக் கழிவுகளை அவர் விட்டார். 62,500 ரூபாய், இரண்டு தவணை.

இரண்டாவது தவணையை அவரே சைக்கிளில் கொண்டுவந்தார். எண்ணிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"தம்பி, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு சீட்டு எழுதித் தாரும்."