மூட்டு வலிக்கு வாங்கிய புரதப் பொடியும் பழ ஈ ஆய்வும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 68. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கும் அவருக்காக, புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் உள்ள ஒரு கடையில் 400 கிராம் புரதப் பொடியை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "அழற்சியைத் தணிக்கும் புரதம், முதுமையைத் தள்ளிப்போடுவது பழ ஈ ஆய்வில் நிரூபணம்" என்று டப்பாவில் அச்சிட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன்.

பொடி கட்டி தட்டாமல் பாலில் கரைகிறது; ஏலக்காய் மணமும் நன்றாகவே இருக்கிறது. இனிப்புதான் அதிகம். இரண்டு மாதம் தவறாமல் குடித்தும் அக்காவின் வலியில் மாற்றம் தெரியவில்லை.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்பதால், அந்த ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அழுகும் வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ இரண்டு மூன்று மாதங்களே வாழ்வதால், அதன் பிறப்பு முதல் முதுமை வரை ஆய்வுக்கூடத்திலேயே கண்காணிக்க முடிகிறது. வயது ஏற ஏற, கிருமித் தொற்று இல்லாத நிலையிலும் அதன் நோயெதிர்ப்பு அமைப்பு ஓயாமல் தூண்டப்பட்டு, குடல் போன்ற உறுப்புகளைச் சேதப்படுத்துகிறது. இந்த அழற்சியைக் கட்டுப்படுத்தும் புரதங்களுள் ஒன்று மான்ஃப். ஈ, எலி, மனிதர் ஆகிய மூவகை உயிர்களிலும் வயதோடு இதன் அளவு குறைவதையும், ஈக்களின் உடலில் இதன் உற்பத்தியைக் கூட்டினால் அவற்றின் ஆயுள் நீள்வதையும், இது குறைவுபட்ட ஈக்கள் அழற்சி மிகுந்து விரைவில் இறப்பதையும் 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படிக்கும்போதே மெய்சிலிர்க்க வைக்கும் கண்டுபிடிப்பு அது.

ஆனால் அங்கே ஈக்களுக்கு யாரும் புரதப் பொடி ஊட்டவில்லை. மரபணுவை மாற்றி, அவற்றின் உடலே அப்புரதத்தைக் கூடுதலாகச் சுரக்குமாறு செய்தார்கள். நாம் பாலில் கலந்து குடிக்கும் புரதமோ வயிற்றிலும் குடலிலும் செரிமானமாகிப் பெரும்பாலும் அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடுகிறது. இந்த டப்பாவிலோ சோயா, பால் புரதம், மஞ்சள் சாறு ஆகியவை மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன. ஈக்களில் ஆராயப்பட்ட எந்தப் புரதத்தின் பெயரும் இல்லை. அப்படியிருக்க, வலியோடு வரும் முதியவர்களிடம் அந்த ஆய்வைச் சொல்லி விற்பது தவறு.

கடைக்குத் திரும்பச் சென்று கேட்டபோது, விற்பனைப் பெண் மரியாதையாகப் பேசி, நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். மூன்று முறை அழைத்தும் எந்த ஆய்வு என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. பிரித்த டப்பாவுக்குப் பணமும் திரும்பவில்லை. உணவில் புரதம் குறைந்தவர்களுக்கு இது சத்துமாவு போலப் பயன்படலாம் என்பதற்காக ஐந்துக்கு இரண்டு தருகிறேன். மூட்டு வலிக்காகவோ முதுமைக்காகவோ இதை வாங்க வேண்டாம். அக்காவை இப்போது எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன தொடைத்தசைப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம்.