வைஃபை அட்டையை மாற்றுவதா, யூஎஸ்பி அடாப்டர் செருகுவதா?

மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்தால், கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவுக்குப் போய் யூஎஸ்பி அடாப்டரோடு திரும்புவது எளிது. திருகாணி கழற்ற வேண்டாம், செருகினால் போதும். வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒரு போர்ட்டை அது பிடித்துக்கொள்ளும். அதுவும் யூஎஸ்பி 2.0 என்றால் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டவே முடியாது.

உள்ளிருக்கும் அட்டையை மாற்றுவதே என் தேர்வு. கணினியை அணைத்து, அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு, பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக, இரண்டு மெல்லிய கம்பிகள் போய்ச் சேரும் இடத்தைத் தேடுங்கள். அங்கே ஒற்றைத் திருகாணியில் நிற்கும் சிறு அட்டைதான் அது. அண்மைக்கால கணினிகளில் பெரும்பாலும் 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள, எம்.2 என்ற செருகு வகை. கம்பிகள் பெரும்பாலும் திரைச் சட்டத்துக்குள் இருக்கும் ஆண்டெனாவுக்குச் செல்கின்றன. விரல்நுனி அளவு அடாப்டருக்கு அந்த வசதி ஏது? கம்பி முனைகளை நேர்மேலாகத் தூக்குங்கள், பக்கவாட்டில் இழுத்தால் பிய்ந்துவிடும். புளூடூத்தும் பொதுவாக இதே அட்டையில்தான் இருக்கிறது.

வாங்கும்போது கவனம் தேவை: இன்டெல் ஏஎக்ஸ்201 அட்டை ஏஎம்டி செயலி உள்ள கணினியில் வேலை செய்யாது, ஏஎக்ஸ்210 செய்யும். அட்டை தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் அடாப்டரை வாங்குங்கள்.