குழாய் மீற்றரா, வயர் மீற்றரா? பழைய காரின் சூட்டைப் பார்க்க எது நல்லது

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் கார்களுக்கு வெயிலைவிடக் கிணற்றுத் தண்ணீர்தான் கூடுதல் கெடுதல் செய்கிறது. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் அந்தத் தண்ணீரை வருடக்கணக்காக றேடியேற்றருக்குள் ஊற்றினால், கேத்திலில் படிவதுபோல எஞ்சினுக்குள்ளும் கல் படியும். 90களில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய கார்கள் இவை. இப்போது சூட்டில் பறிகொடுத்தால் மனம் ஆறாது. அதனால் ரெம்பரேச்சர் மீற்றர் உண்மை சொல்ல வேண்டும். மைனரில் அது வரும்போதே இருக்கவில்லை, நாமே பூட்டியதுதான்.

குழாய் மீற்றர் பழைய வகை. எஞ்சினில் செருகிய சின்னக் குமிழுக்குள் ஈதர் என்ற, சட்டென ஆவியாகும் திரவம் இருக்கும். சூடேற அதன் ஆவி அழுத்தம் மெல்லிய செப்புக் குழாய் வழியாகப் போய், மீற்றருக்குள் வளைந்திருக்கும் குழாயை நிமிர்த்தும், முள் நகரும். பற்றரியும் வேண்டாம், வயரும் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும்வரை இது காட்டுவதை நான் நம்புவேன். ஆனால் குழாய் மடிந்து வெடித்து ஈதர் போய்விட்டால், முள் குளிரிலேயே படுத்துவிடும். வெடிப்பை ஒட்டினால் மட்டும் போதாது, ஈதரைத் திரும்ப அடைக்க வேண்டும். ஈதர் சட்டெனத் தீப்பற்றும், வீட்டில் ஈயம் வைத்து ஒட்டப் போகாதீர்கள். பெரும்பாலும் எஞ்சின் வேலையின்போதுதான் இது உடைகிறது. நட்டைத் திருகும்போது குழாயும் சேர்ந்து முறுகிவிடும். எங்கள் மைனரில் இருந்தது அப்படித்தான் போனது.

வயர் மீற்றரில் பழுதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடலாம். எஞ்சினில் உள்ள சென்சர் சூடேற ஏற மின்தடையைக் குறைக்கும், முள் ஏறும். முள் அசையவே இல்லையா? சாவியைப் போட்டுச் சென்சர் வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் கொஞ்ச நேரம் மட்டும் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏறினால் மீற்றரும் வயரும் நல்லவை, சென்சர்தான் போயிருக்கிறது. ஏறாவிட்டால் வயரை அல்லது மீற்றரைப் பாருங்கள். முள் எப்போதும் உச்சியிலேயே நின்றால், வயர் எங்காவது உரசி இரும்பைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

60களின் கார்களில் முள் ஆறுதலாக ஏறும் வகை இருந்தால், அதற்கு 10 வோல்ற் அளவில் கொடுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். பெற்றோல் மீற்றரும் சூட்டு மீற்றரும் ஒரே நேரத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டினால் சந்தேகம் அதில்தான். முதலில் அதன் ஏர்த்தை, அதாவது அது காரின் இரும்போடு இணையும் இடத்தை, சுரண்டித் துடையுங்கள். எலக்ட்ரோனிக் ஸ்டெபிலைசர் மாற்றுவதாயிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கார்களில் பல பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனை காரின் இரும்போடு இணைந்தவை. அதற்கென்றே செய்ததை வாங்காவிட்டால் பூட்டியவுடன் எரிந்துவிடும். குழாய் மீற்றருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

சரிபார்க்க இரண்டுக்கும் ஒரே வழி, கொதிக்கும் தண்ணீர். நாங்கள் கடல் மட்டத்தில் இருப்பதால் அது 100 பாகையில் கொதிக்கும். குமிழையோ சென்சரையோ அதில் வைத்துப் பாருங்கள். சென்சரின் உடம்பை ஒரு வயரால் ஏர்த்தோடு இணைக்க மறந்தால் முள் அசையாது.

இரண்டிலும் ஒரு பொல்லாத குணம் உண்டு. தண்ணீர் குறைந்தால் நுனி காற்றிலோ ஆவியிலோ தொங்கும். எஞ்சின் வேகும்போது முள் கீழே இறங்கும். ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டும்போது முள் திடீரென விழுந்தால், சூடு தணிந்தது என்று நினைக்காமல் ஓரமாக நிறுத்துங்கள். ஆறும்வரை றேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள்.

என் முடிவு இதுதான். பழைய குழாய் மீற்றர் வேலை செய்தால் கழற்றாதீர்கள். எஞ்சினுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே குழாயை ஒரு சுருள் சுற்றிவிட்டால் அதிர்வைத் தாங்கும். உடைந்துவிட்டால் வயருக்கு மாறுங்கள். சென்சர் மட்டும் போனால் அதை மட்டும் மாற்றலாம், குழாய் மீற்றர் போனால் முழுதாகப் போகும். எங்கள் மைனருக்கு வயர் வகையைத்தான் பூட்டினேன். எஞ்சின் தலையில் சென்சரைப் பூட்டத் துளை இல்லாததால் மேல் ஹோஸின் நடுவே ஒரு அடப்டர் போட்டேன். இரண்டு பக்கமும் றப்பர் என்பதால் அதற்குத் தனி ஏர்த் வயர் இழுக்க வேண்டியிருந்தது. தேமோஸ்டற் (சூடேறினால் திறக்கும் வால்வு) திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கும்வரை அந்த இடம் சரியான சூட்டைக் காட்டாது, அப்புறம் ஒழுங்காகக் காட்டுகிறது. றேடியேற்றருக்குள் இப்போது மாரியில் பிடித்த மழைத்தண்ணீரும் கூலன்ற்றும்தான்.